கரையை உயர்த்துவதா, விதையை மாற்றுவதா, இறாலுக்கு விடுவதா?

சித்தப்பாவுக்கு 11 ஏக்கர் நிலம். ரங்கூனுக்குத் தென்கிழக்கே, சௌத்தானைத் தாண்டி தோங்வா போகிற பக்கம். மழைக்கு நெல், நெல்லை அறுத்ததும் ஈரம் காய்வதற்குள் உளுந்தும் பச்சைப்பயறும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இதுதான் வழக்கம். போன மாசியில் தாழ்ந்த மூலையில் மூன்று ஏக்கர் உளுந்து இலை ஓரம் கருகி, காய் பிடிக்காமல் நின்றது. செடிக்கு அடியில் மண் வெள்ளையாகப் பூத்திருந்தது. சித்தி அதை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

நான் ரங்கூன் பயின்னாங் மொத்தச் சந்தையில் ஒரு பருப்புக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவன். வீட்டில் எந்தக் கணக்கு வந்தாலும் என் தலையில்தான் விழும். "ஏப்பா, ஆளுக்கொன்று சொல்றாங்க. நீ உட்கார்ந்து எது கட்டும்னு போட்டுப் பாரு" என்றார் சித்தப்பா. ஆளுக்கொன்று என்றது சரிதான். ஊர்ப் பெரியவர் கரையை ஓர் அடி உயர்த்தலாம் என்கிறார். விதை விற்கிற பையன் உப்பு தாங்கும் நெல் இருக்கிறது என்கிறான். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஆள் ஒருவர், நிலத்தை இறாலுக்கு விட்டால் 15 நாளுக்கு ஒருமுறை காசு என்று ஆசை காட்டுகிறார். மலேசியாவில் இருக்கிற பெரிய மகனோ விற்றுவிட்டு வந்துவிடுங்கள் என்கிறான்.

முதலில் எதில் கணக்குப் போடுவது என்பதே சிக்கல். கியாட், எங்கள் வாயில் சாட், 2021 தொடக்கத்தில் டாலருக்கு 1,330 அளவில் இருந்தது. அரசு விலையை 2022 ஆகஸ்டில் 2,100 என்று வைத்தார்கள். வெளிச்சந்தையில் 2024-இல் 4,000-த்தைத் தாண்டிப் போனது. பத்து வருஷக் கணக்கை இந்த நாணயத்தில் போடுவது ஆற்றில் கோடு கிழிப்பது மாதிரி. ஆகவே நெல் கூடையில் போட்டேன். நெல் கூடை என்பது 46 பவுண்டு, ஏறக்குறைய 21 கிலோ. எங்கள் பக்கம் நல்ல வருஷத்தில் ஏக்கருக்கு 50, 60 கூடை மழைநெல் காணும். எந்தச் செலவாக இருந்தாலும் அது எத்தனை கூடை என்று மாற்றிப் பார்த்தால் சித்தப்பாவுக்கும் சட்டென்று புரியும்.

அடுத்தது, உப்பு எந்த மாதத்தில் வருகிறது என்ற கேள்வி. இதை யாரும் கேட்கவில்லை. எல்லாரும் "கடல் ஏறுது" என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். கடல் ஏறுவது உண்மைதான். 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகச் சராசரியில் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. 2006-க்குப் பிறகு வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர் வேகம். அதே வேகம் என்று வைத்தால்கூட 15 வருஷத்துக்கு ஐந்தரை சென்டிமீட்டர், ஏறக்குறைய மூன்று விரல் அகலம். தட்டையான நிலத்தில் அதுவும் பெரிதுதான், ஆனால் அது வயலுக்கு வருகிற வழி வேறு. மழைக்காலத்தில் ஆறு நிறைந்து ஓடும்போது உப்புநீரை வாய்க்கு வெளியே தள்ளிவிடும். வானமும் மண்ணைக் கழுவிவிடும். ஆடி, ஆவணியில் எங்கள் ஓடைத் தண்ணீரைக் குடிக்கலாம். தை பிறந்த பிறகு ஆறு மெலிகிறது. அமாவாசை, பௌர்ணமி ஓதம் (கடல் ஏற்றம்) ஒவ்வொன்றும் உப்பை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுகிறது. மார்த்தபான் வளைகுடாவின் ஓதம் சாதாரணமானதல்ல. சித்தாங் ஆற்று வாயில் அது சுவர் மாதிரி எழுந்து வருவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெகு பக்கக் கரையில் ஊர்களையே தின்றிருக்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் நிலத்தடி உப்பு, திரியில் எண்ணெய் ஏறுவது போல மேலே ஏறுகிறது.

அதாவது அடி விழுவது நெல்லுக்கு அல்ல, உளுந்துக்கு.

இதைப் பிடித்துக்கொண்டால் விதை விற்கிற பையன் சொல்வதன் மதிப்பு பாதியாகிவிடும். உப்பு தாங்கும் நெல் நல்ல சரக்குதான். கேரளத்துப் பொக்காளி நெல்லிலிருந்து கிடைத்த ஒரு மரபுப் பகுதியை வேறு நெல்களில் ஏற்றி வளர்த்த இனங்கள் பல நாடுகளில் உண்டு. இங்கேயும் ஸின் த்வே லத் நெல்லில் அதை ஏற்றி விட்டிருக்கிறார்கள். சாதாரண நெல் மண்ணின் உப்பு மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸ் (மின்சாரம் கடத்துவதை வைத்து உப்பை அளக்கும் அலகு) வரை பொறுக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசீமென்சுக்கும் விளைச்சலில் 12 சதவீதம் போகும் என்பது வேளாண் பாடப் புத்தகக் கணக்கு. உப்பு 6 என்றால் 60 கூடை 38 ஆகிறது. தாங்கும் இனம் அந்த இழப்பில் ஒரு பகுதியைக் காப்பாற்றும். ஆனால் எங்கள் வயலில் நாற்று நடும் காலத்தில், தாழ்ந்த மூலையைத் தவிர, உப்பு அந்த அளவுக்கு இருப்பதே இல்லை. இல்லாத நோய்க்கு மருந்து வாங்குகிற கதை. லபுட்டா, போகலே மாதிரி ஐராவதி டெல்டாவின் தென் ஓரத்தில் இருப்பவர்களுக்குக் கதை வேறு. அங்கே இந்த விதைதான் நான் முதலில் சொல்லும் பதிலாக இருக்கும்.

பச்சைப்பயறு 1.8-லேயே சுணங்க ஆரம்பிக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசீமென்சுக்கும் 20 சதவீதம் போகும். உப்பு 4 என்றால் கிட்டத்தட்ட பாதி போச்சு. அதே 4-இல் நெல்லுக்கு 12 சதவீதம்தான் நஷ்டம். உளுந்தும் பயறும்தான் எங்கள் பக்கத்துக் கைக்காசு. நெல் சோற்றுக்கும் கடனுக்கும் போய்விடும். பிள்ளை படிப்பு, கல்யாணம், கோயில் வரி எல்லாம் உளுந்தில்தான். சென்னையிலும் மதுரையிலும் இட்லிக்கு ஊறுகிற உளுந்தில் கொஞ்சம் எங்கள் ஓடைக்கரைச் சரக்காகவும் இருக்கும். கிடங்கில் எஃப்.ஏ.க்யூ. (நடுத்தரம்), எஸ்.க்யூ. (உயர்தரம்) என்று தரம் பிரித்துத்தான் கப்பலுக்குப் போகிறது.

எனக்குத் தோன்றிய முதல் மாற்று விதைக்கடையில் இல்லை, பஞ்சாங்கத்தில் இருந்தது. சித்தப்பா நடுவது பாவ்சான். வாசனை அரிசி. 2011-இல் ஹோசிமின் நகரத்தில் நடந்த உலக அரிசி மாநாட்டில் உலகின் சிறந்த அரிசி என்று பரிசு வாங்கியது. நல்ல விலை, சந்தேகமில்லை. ஆனால் அது பகல் குறைந்தால்தான் பூக்கும் நெல். எப்போது நட்டாலும் அறுப்பு டிசம்பருக்குப் போய்விடும். அதன் பிறகு விதைத்த உளுந்து காய்க்கிற நேரமும் உப்பு மேலே வருகிற நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. பாவ்சானுக்குப் பதில் தீ டட் யின் மாதிரி 115 நாள் நெல்லை ஆனி கடைசியில் நாற்றங்காலில் விட்டால் ஐப்பசி பாதியில் அறுத்துவிடலாம். உளுந்துக்கு 75-லிருந்து 90 நாள். ஐப்பசி கடைசியில் விதைத்தால் தை முடிவதற்குள் களத்துக்கு வந்துவிடும். உப்பு வரும்போது வயல் காலி.

இதன் விலை என்ன? பாவ்சானுக்குக் கிடைக்கிற கூடுதல் காசு போகும். குறுகிய கால நெல்லுக்கு அரவையாலையில் விலையும் குறைவு, மரியாதையும் குறைவு. மழை நின்று தீராத ஐப்பசியில் அறுத்தால் காயப்போட இடமில்லை. ஈர நெல்லை வியாபாரி கேட்கிற விலைக்குத் தள்ள வேண்டியிருக்கும். இன்னொன்று, இதைச் சித்திதான் சொன்னார்: சுற்றிலும் பச்சையாக நிற்கும்போது நம் வயல் மட்டும் பழுத்தால் ஊர் எலி எல்லாம் நம் வயலுக்குத்தான் வரும். வேளாண் அதிகாரி யாரும் சொல்லாத கணக்கு இது. நாலு பக்கத்து ஆளும் சேர்ந்து செய்தால்தான் எலி பகிர்ந்து தின்னும். இத்தனையையும் கழித்துப் பார்த்தாலும் ஒரு ஏக்கர் உளுந்தைப் பாதிக்கு இழப்பதைவிட இது சிறிய நஷ்டம். சரிப்படவில்லை என்றால் அடுத்த ஆனியில் பழைய விதைக்கே திரும்பிவிடலாம். ஒரு வருஷத்துத் தவறு ஒரு வருஷத்தோடு போகும்.

உளுந்துக்குப் பதில் தட்டைப்பயறோ சூரியகாந்தியோ போடலாமே என்றால், இரண்டும் உப்பை நன்றாகவே தாங்கும். சூரியகாந்திக்குக் கிளி ஒரு தொல்லை, அது கிடக்கட்டும். விலைதான் யோசிக்க வைக்கிறது. உளுந்து மட்டும் பத்திரமா என்று கேட்டால், அதற்கு உப்பைவிடப் பெரிய பயம் டெல்லி. 2017 ஆகஸ்டில் இந்தியா உளுந்துக்கும் பயறுக்கும் இறக்குமதி வரம்பு போட்டபோது எங்கள் சந்தையில் மூட்டை தேங்கி விலை சரிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். 2021-இல் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து எடுப்பதாக ஐந்து வருஷ ஒப்பந்தம் வந்தது. அதற்குப் பிறகு மூச்சு வந்தது. ஒரே ஒரு வாங்குகிறவரை நம்பி நிற்கிற பயிரைக் காப்பாற்ற எவ்வளவு செலவு செய்யலாம்? அதிகம் கூடாது என்பது என் எண்ணம். அதனாலும் விதையையும் நாளையும் மாற்றுகிற மலிவான வழிதான் எனக்குப் பிடித்தது.

கரைக்கு வருவோம். ஊர்ப் பெரியவர் சொல்கிற "ஓர் அடி" கேட்கச் சின்னதாக இருக்கிறது. மண்கரையின் குறுக்குவெட்டைப் பாருங்கள். மேலே 4 அடி அகலம், இரண்டு பக்கமும் ஓர் அடி உயரத்துக்கு 2 அடி சரிவு என்று வைத்துக்கொள்வோம். 4 அடி உயரக் கரைக்கு ஓர் அடி நீளத்தில் 48 கன அடி மண். அதை 5 அடி ஆக்கினால் 70. உயரம் கால் பங்கு கூடினால் மண் ஏறக்குறைய பாதி கூடுகிறது. 6 அடி என்றால் 96, நேர் இரட்டிப்பு. கடல் மூன்று விரல் ஏறுவதற்கு நாம் அடுக்குகிற மண் அதைவிட வேகமாக ஏறும்.

நீளத்தையும் பார்க்க வேண்டும். சித்தப்பா தன் 11 ஏக்கரை மட்டும் சுற்றிக் கட்டினால், சதுர நிலம் என்று வைத்தால்கூட 2,770 அடி கரை. ஏக்கருக்கு 252 அடி. ஊரே சேர்ந்து 1,100 ஏக்கரைச் சுற்றிக் கட்டினால் ஏக்கருக்கு 25 அடிதான். பத்தில் ஒரு பங்கு! கரை என்பது தனி ஆளுக்கு எப்போதும் நஷ்டம், ஊருக்கு மட்டுமே லாபம். ஊர் சேர்ந்து செய்கிற காரியத்தில் எப்போதும் இருக்கிற தொல்லையும் உண்டு: மேட்டு நிலத்துக்காரருக்கு அவசரமில்லை, ஓடையோரத்து ஆள் கூலி கொடுக்க மாட்டார், ஒரே இடத்தில் கரை பலவீனமாக இருந்தால் எல்லார் செலவும் அந்த இடத்தில் ஓடிவிடும். மதகுச் சண்டை தனி. மீன் பிடிக்கிறவர்கள் ராத்திரியில் மதகுப் பலகைக்குக் கட்டை கொடுத்துத் திறந்து வைப்பார்கள். காலையில் வயலில் உப்பு. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு ஊரில் இளவட்டமே குறைந்துவிட்டது. மண் சுமக்க யார்?

கரை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதிலும் தெளிவு வேண்டும். 2008 மே 2, 3 தேதிகளில் நர்கிஸ் புயல் வந்தபோது டெல்டாவில் 12 அடி அலை எழுந்தது. செத்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 1,38,000 பேர். அதற்கு முன்னால் 5 அடி மண்கரை ஒரு வரப்புக்குச் சமம். கரை ஓதத்துக்குத்தான், புயலுக்கு அல்ல. புயலுக்கு உயரமான கட்டடமும் நேரத்தில் வருகிற எச்சரிக்கையும் வேண்டும். அந்தக் காசைக் கரைக் கணக்கில் கலக்கக் கூடாது.

நீண்ட காலத்துக்கு இன்னொரு விலையும் இருக்கிறது. ஓதத்தோடு வருகிற வண்டல்தான் டெல்டா நிலத்தை உயர்த்தி வைக்கிறது. கரை கட்டினால் உப்பு நிற்கும், வண்டலும் நிற்கும். வங்கதேசத்தில் 1960-களில் கட்டிய கரைகளுக்குள்ளே சில இடங்களில் நிலம், வெளியே இருக்கும் அலையாத்திக் காட்டைவிட ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்துபோயிருக்கிறது. பிறகு உள்ளே விழுகிற மழைத் தண்ணீரே வடியாது. ஆகவே கரையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊர் சேர்ந்தால் சித்தப்பா தன் பங்குக் கூலியைக் கொடுக்கட்டும்; உயரத்தைவிட மதகுக்கும் அடைப்பு பார்க்கிற ஆளுக்கும் செலவிடச் சொல்லட்டும். மதகு சரியாக மூடித் திறந்தால் 4 அடிக் கரையே இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். தனியாகக் கட்ட மட்டும் இறங்கக் கூடாது.

இறால் பேச்சு சித்தப்பாவை நிஜமாகவே இழுத்தது. பெரிய முதல் வேண்டாம். ஓதம் ஏறும்போது மதகைத் திறந்து குஞ்சோடு தண்ணீரை உள்ளே விடுவது, மூடி வளர்ப்பது, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வலை வைத்துப் பிடிப்பது. டெல்டாவிலும் அரக்கானிலும் இந்த அடைப்பு முறை பழசு. நெல்லுக்கு வருஷத்தில் ஒரு நாள் காசு, இதற்கு மாதம் இரண்டு முறை. வெளியில் மாதம் 5 வட்டிக்குக் கடன் வாங்கிக் காலம் தள்ளுகிற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கும் தெரியும். ஏக்கர் வருமானத்தை மட்டும் வரிசையாக எழுதினால் நல்ல வருஷங்களில் இறால்தான் மேலே நிற்கும்.

அப்படி எழுதுவதே தப்பு என்று எனக்குப் படுகிறது. நெல்லிலிருந்து இறாலுக்கு ஒரே வருஷத்தில் போய்விடலாம், திரும்பி வர முடியாது. வருஷம் முழுக்க உப்புநீர் நிற்கிற மண்ணைக் கழுவ எத்தனை மழை வேண்டும் என்று யாரும் உறுதி கொடுக்க மாட்டார்கள். நர்கிஸ் உப்பு ஒருமுறை வந்து போனது. அதை அடுத்தடுத்த மழைகள் கழுவின. குளம் அப்படியல்ல. பக்கத்து வயலுக்கும் கசியும், பக்கத்து வயல்காரர் சும்மா இருக்க மாட்டார். வங்கதேசத்தின் குல்னாவில் 1990-இல் இறால்காரர்களை எதிர்த்து ஊர்வலம் போன ஒரு பெண்ணைக் கொன்றே போட்டார்கள். எங்கள் தாத்தா புறப்பட்டு வந்த நாகப்பட்டினத்திலேயே காந்தியவாதிகளான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் இறால் பண்ணைகளை எதிர்த்துப் போராட, வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய் 1996-இல் கடலோரப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அங்கே குடிதண்ணீர்க் கிணறுகளே உப்பாகிவிட்டன என்பதுதான் புகார். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் ஒரு வாரத்தில் குளம் காலி. சட்டமும் இருக்கிறது: 2012 விவசாய நிலச் சட்டப்படி நெல் நிலத்தை வேறு வேலைக்கு மாற்ற அனுமதி வாங்க வேண்டும். நில உரிமைச் சான்றான ஏழாம் படிவம் கையில் இல்லாத, அடையாள அட்டை இழுபறியில் இருக்கிற எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அந்த வாசலுக்குப் போய் நிற்கவே தயங்கும்.

கடன் வாங்கிச் செய்கிற வழி எது என்பதும் எனக்கு முக்கியம். இந்த ஊர் மண்ணுக்கு அந்தப் பழங்கதை தெரியும். 1930-இல் நெல் விலை விழுந்தபோது கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938-இல் 25 சதவீதம். அவர்கள் நிலம் பிடிக்க வந்தவர்கள் அல்ல, வட்டிக்கு விட்டவர்கள். விலை விழுந்ததும் கடன் நிலமாக மாறி வந்து சேர்ந்தது. எங்கள் தாத்தா அப்போது அறுப்புக் கூலியாக வந்தவர், அந்தக் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கமும் இல்லாதவர். விவசாய வங்கி நெல்லுக்கு ஏக்கருக்கு ஒன்றரை லட்சம் சாட், பத்து ஏக்கர் வரைக்கும் என்று கொடுத்து வந்தது; பணத்தின் மதிப்பு போன போக்கில் அது விதைக்கும் உரத்துக்குமே பத்தாது. அதைத் தாண்டிக் குளம் வெட்டவோ கரை கட்டவோ வெளியே கை நீட்டினால், முதல் இரண்டு வருஷம் நன்றாகப் போக வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

விற்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உப்புப் பூத்த நிலத்தை விற்கிறவருக்கு விலை சொல்லும் உரிமை கிடையாது. வந்த பணத்தை நாணயமாக வைத்திருந்தால் அதுவும் கரையும்.

ஓடையோரத்துக்கு மட்டும் எனக்கு ஒரு ஆசை. நிப்பாப் பனை, பர்மியர் "தனி" என்று சொல்வது. உப்புத் தண்ணீரில் சுகமாக நிற்கும், நாலைந்து வருஷத்தில் கீற்று வெட்டத் தொடங்கலாம், வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டு கரை சரியாமல் காக்கும். தகரக் கூரை வந்த பிறகு கீற்றுக்கு மவுசு குறைந்தாலும், சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே படுத்தவர்கள் திரும்பக் கீற்றுக்கே வருகிறார்கள். இதில் பெரிய காசு இல்லை, பெரிய செலவும் இல்லை.

போட்ட கணக்கைச் சித்தப்பாவிடம் இப்படிச் சொன்னேன். மேட்டு 8 ஏக்கரில் ஆறில் குறுகிய கால நெல், ஐப்பசியில் உளுந்து. மீதி இரண்டில் பாவ்சான். வீட்டுச் சோற்றுக்கும் பொங்கலுக்கும் வேறு அரிசி வேண்டாம் என்று அவர் பிடிவாதம், அதை உடைக்க எனக்கு மனசில்லை. தாழ்ந்த 3 ஏக்கரில் உப்பு தாங்கும் நெல் மட்டும், அதற்குப் பிறகு உளுந்து கிடையாது. அங்கே போகிற உளுந்து விதையும் உழவுக் கூலியும் மிச்சம். ஓடைப் பக்கம் நிப்பாப் பனை. ஊர்க் கரைக்குப் பங்குக் கூலி, மதகுக்கு ஆள் வைத்தால் மட்டும். இறால் வேண்டாம். ஓர் உப்பு மீட்டர் வாங்கித் தை முதல் சித்திரை வரை வாரத்துக்கு ஒருமுறை ஓடைத் தண்ணீரையும் மூன்று இடத்து மண் கரைசலையும் அளந்து, சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரிலேயே எழுதி வைக்க வேண்டும். நாக்கு உப்பு இருக்கிறது என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. மேட்டிலும் மாசிக்குள் அளவு ஏறிக்கொண்டே வந்தால் அடுத்த வருஷம் உளுந்துக்குப் பதில் தட்டைப்பயறு.

சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த 15 நாளுக்கு ஒருமுறை காசு நல்லாத்தான் இருந்தது" என்றார். சித்தி அடுப்படியிலிருந்தபடியே, "முதல்ல பக்கத்து வயல்காரங்க நாலு பேரையும் போய்ப் பாருங்க. அவங்களும் ஐப்பசியில அறுக்க ஒத்துக்கிட்டா செய்யலாம். இல்லாட்டி எலிக்கு யார் பதில் சொல்றது?" என்றார். மூன்று பேர் சரி என்றிருக்கிறார்கள். நாலாவது ஆள் பாவ்சானை விட மாட்டேன் என்கிறார்.